ஆட்டின் கழுத்தும் அணுவிரதமும்

சென்ற மார்கழித் திங்களில் ஒரு நாள் காலை, எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற வெள்ளாட்டின் கழுத்தை நான் இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் மருந்தியல் பயிலும் என் பேரன் ஊசியைச் செலுத்தினான். முதல் முறை இரத்தம் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை இரண்டு மில்லி அளவு கருஞ்சிவப்பாய்ச் சிரிஞ்சில் ஏறியது. அதற்குள் ஆடு இருமுறை கதறிவிட்டது. அன்று மாலை அதன் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம் கண்டது. அது சினையாக இருக்கிறதா இல்லையா என்பதை அறியும் பொருட்டே இவ்வளவும் செய்தோம்.

எறும்பு மொய்த்த பாத்திரத்தை உதறாமல் நிழலில் வைத்துக் காத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆசிரியர் பணிக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. நகரம் முடிந்து கடலைக் காடுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. ஓய்வு பெற்ற பின் வயிற்றுக் கோளாறு காரணமாக வைத்தியர் ஆட்டுப்பால் அருந்தச் சொன்னார். ஆகவே இரண்டு வெள்ளாடுகளை வாங்கினோம். அவற்றில் மூத்ததைத்தான் அன்று அவ்வாறு பற்றிக்கொண்டிருந்தேன். அது இம்சையா, அன்றா? இந்தக் கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. விடை எளிது என்று நினைக்கும் வாசக அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் என்னோடு வரவேண்டும்.

ஏன் அறிய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டை வெள்ளாடு ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கிடாயோடு சேர்ந்த பின் அடுத்த பருவம் வராவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று கொள்வது நம் நாட்டு வழக்கம். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். அதில் கடைசி இரண்டு மாதங்கள் கறவையை நிறுத்தி ஆட்டுக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். வயிற்றுக் குட்டி விரைந்து வளரும் காலம் அதுவே. அக்காலத்தில் தீனி குறைந்தால் தாயின் உடற்கொழுப்பு கரைந்து இரத்தமே நஞ்சாகும் நோய் ஒன்று வரும். அதில் தாயும் குட்டியும் சேர்ந்தே மடிவதுண்டு. குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஆல்பெண்டசோல் போன்ற மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கரு சிதையலாம், குட்டி ஊனமாகலாம். எங்கள் ஆட்டைப் புரட்டாசியில் கிடாய்க்கு விட்டோம். மார்கழி வந்துவிட்டது. கறவையை நிறுத்துவதா, தொடர்வதா? அறியாமல் கறந்துகொண்டே இருப்பதும் வயிற்றிலுள்ள உயிருக்குரிய உணவைத் திருடுவதாகாதா என்று என் மருமகள் கேட்டாள். அக்கேள்வி நியாயமானது.

பேரன் கைப்பேசியில் ஒரு வழியைக் கண்டுபிடித்து வந்தான். அமெரிக்காவில் வீட்டில் இரண்டு மூன்று ஆடு வளர்ப்போர் தாமே இரத்தம் எடுத்துச் சிறு குழாயில் அடைத்து அஞ்சலில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்களாம். சில நாள்களில் விடை வந்துவிடுகிறதாம். அது உண்மைதான். சினை ஆட்டின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து ஒருவகைப் புரதம் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. பசுவில் அத்தகைய புரதத்தை 1980களில் ஐடாஹோ பல்கலைக்கழகத்தில் கார்த் சாசர் என்பாரும் உடன் உழைத்தோரும் பிரித்தறிந்தனர். அதிலிருந்து பிறந்ததே இந்தப் பரிசோதனை. இணைசேர்ந்து ஏறத்தாழ 30 நாள்கள் கழிந்தபின் எடுத்த இரண்டு மில்லி இரத்தம் போதும். முப்பது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் சுமார் இரண்டு லிட்டர் இரத்தம் ஓடுகிறது. எடுப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "பாட்டி, அட்டை குடிப்பதைவிடக் குறைவு" என்றான் பேரன். நானும் ஒப்பினேன்.

நாங்கள் யோசிக்காதது ஒன்று உண்டு. எடுத்த இரத்தத்தை எங்கே அனுப்புவது? ஊரில் உள்ள இரத்தப் பரிசோதனை நிலையங்களில் பேரன் விசாரித்தான். மனித இரத்தம் மட்டுமே பார்ப்போம் என்றனர். பெண்களுக்குக் கருவுற்றதைக் காட்டும் சோதனைப் பட்டையைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டுப் பார்த்தான். அந்தப் பட்டை காட்டும் எச்.சி.ஜி. என்னும் சுரப்பு ஆட்டுக்குக் கிடையாது. ஆகவே அதனால் பயனில்லை. அந்தக் குழாய் எங்கள் குளிர்பதனப் பெட்டியில், அதே ஆட்டின் பால் இருந்த பாத்திரத்துக்குப் பக்கத்தில், மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் பேரன் அதை எடுத்துச் சென்று தோட்டத்தில் கொட்டிவிட்டான். எங்கே கொட்டினான் என்று நான் கேட்கவில்லை.

அன்பர்களே, இனித்தான் கேள்வி. உயிர்க்கு வலி உண்டாக்கியதெல்லாம் இம்சை என்றால் மருத்துவம் முழுவதும் இம்சையாகிவிடும். டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையை அறிவீர்கள். அங்கும் ஊசி உண்டு, கத்தி உண்டு. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு வரையறை கூறும்போது, உயிரைப் பிரித்தல் என்பதோடு நிறுத்திவிடவில்லை. அச்செயல் பிரமாதத்தினின்று, அதாவது விழிப்பற்ற, வேட்கைக்கு ஆட்பட்ட மனநிலையினின்று எழுந்ததாக இருத்தல் வேண்டும் என்றும் சேர்த்தார். அந்நூலுக்குச் சர்வார்த்த சித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாத ஆசாரியர் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறார். பேரருள் உடைய வைத்தியர் ஒருவர் ஒரு துறவியின் உடலில் எழுந்த கட்டியை அறுக்கிறார். துறவிக்கு வலி உண்டாகிறது. ஆயினும் வெளியே நிகழ்ந்த அந்த நிமித்தம் ஒன்றினாலேயே வைத்தியருக்குப் பாவம் சேர்வதில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த இவ்வுரையில் என் கொட்டிலுக்கு வேண்டிய சொல் இருக்கும் என நான் நினைத்ததில்லை.

இதை மேற்கோளாக்கிக்கொண்டு தப்பிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எங்கள் நோக்கம் நல்லது, ஆட்டின் நலத்துக்காகவே குத்தினோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் பூஜ்யபாதர் காட்டியவர் வைத்தியர் என்பதை மறக்கக் கூடாது. கட்டி எங்கே, நரம்பு எங்கே என்று அறிந்த கை அது. கைப்பேசியில் இரண்டு காட்சிகள் பார்த்த கை அன்று. ஆட்டின் கழுத்தில் மூச்சுக்குழாயின் ஓரமாக ஒரு பள்ளம் ஓடுகிறது; அதன் அடியில் சிரை இருக்கிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரலால் அழுத்தினால் சிரை புடைத்துத் தெரியும். மயிரை மழித்து, துடைத்து, சாய்வாகக் குத்தி, எடுத்தபின் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிரைக்குச் சற்று உள்ளேதான் தலைக்குச் செல்லும் தமனி கிடக்கிறது. ஓர் ஆட்டுக்குப் பயன்பட்ட ஊசியை மற்றோர் ஆட்டுக்குப் பயன்படுத்தினால் நோயும் சேர்ந்து போகும். இவற்றுள் பாதியை நாங்கள் பின்னரே அறிந்தோம். கால்நடை மருத்துவம் செய்யும் உரிமையை 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பதிவு பெற்றவர்க்கே அளித்திருப்பதையும் பின்னரே அறிந்தோம். அறியாமல் செய்தோம் என்பது நமக்குத் தண்டனையைக் குறைக்கலாம். ஆட்டுக்கு வலியைக் குறைக்கவில்லை. விழிப்பின்மை என்று ஆசாரியர் சொன்னது இதைத்தான் போலும். பகைமையால் குத்துவது மட்டுமன்று, அரைகுறை அறிவோடு ஆர்வத்தால் குத்துவதும் அதில் அடங்கும்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நாங்கள் எழுதும் பாடக்குறிப்பில் முதற்கட்டம் நோக்கம் என்பது. அடுத்து துணைக்கருவிகள். கடைசியில் மதிப்பீடு. துணைக்கருவியை ஆசையாகச் செய்துவிட்டு அதற்கேற்ப நோக்கத்தை எழுதும் பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. விரிவுரையாளர் அம்மையார் அத்தகைய குறிப்பைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். பேரனுக்கு ஊசி கிடைத்தது, குழாய் கிடைத்தது. நோக்கம் பிறகு வந்தது. நாற்பதாண்டு காலம் மாணவரின் குறிப்பைத் திருத்திய எனக்கு அது அன்று தோன்றவில்லை.

நல்லவேளையாக மருமகள் வீக்கத்தைக் கண்டு அஞ்சி, ஆட்டைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றாள். நானும் உடன் போனேன். மருத்துவர் வீக்கத்தைத் தடவிப் பார்த்து, "தானே வடிந்துவிடும், டீச்சரம்மா. இன்னும் சற்று உள்ளே போயிருந்தால் வேறு கதை" என்றார். பிறகு அடிவயிற்றில் பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிட்டது. கருப்பையில் குட்டி இல்லை. நீர் மட்டுமே நிறைந்திருந்தது. பொய்ச்சினை என்று பெயராம். சூலகத்தில் மஞ்சள் திரள் கரையாமல் நின்றுவிடுவதால், சினைக்குரிய சுரப்பு சுரந்துகொண்டே இருக்கும், பருவம் வராது, வயிறும் பெருக்கும். பருவம் வராததைக் கொண்டு சினை என்று முடிவு செய்யும் நம் பாட்டிமார் கணக்கு இங்கே பிழைத்துப்போகும். புரோஜெஸ்டிரான் சுரப்பைப் பார்க்கும் சோதனையும் இதைச் சினை என்றே காட்டும். நாங்கள் எடுத்த இரத்தத்தைப் புரதச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் சினை இல்லை என்ற விடை வந்திருக்கும். ஆனால் உள்ளே நீர் கோத்திருப்பதை அது சொல்லியிராது.

மருத்துவர் ஓர் ஊசி போட்டார். மறுநாள் நீர் கழிந்தது. அந்த ஊசிக்கும் ஆடு கதறியது. அப்போதும் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நானே. அதே ஆடு, அதே கைகள், அதே கதறல். ஆயினும் அன்றிரவு நான் உறங்கினேன். முதல் ஊசி போட்ட இரவு உறங்கவில்லை. என் மனம் எனக்குச் சாதகமாகவும் பேசக்கூடியது என்பதை அறிவேன். ஆனாலும் இவ்விரண்டு இரவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் மயக்கம் அன்று என்றே கருதுகிறேன்.

காத்திருந்தால் போதாதா, நம் முன்னோர் ஊசியா போட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அறியாமலிருப்பது தானாகவே அகிம்சை ஆகிவிடாது. நான் பணியாற்றிய பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் தேம்பித் தேம்பி அழுதாள். அவர்கள் வீட்டு ஆடு இரண்டு ஈற்றுக் காலம் சினை பிடிக்கவில்லை என்று எண்ணி, முந்தைய நாள் அய்யலூர்ச் சந்தையில் விற்றுவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் கூடும் அச்சந்தையை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். வாங்கிச் சென்றவர் அறுத்தபோது உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தனவாம். அச்செய்தி எப்படியோ அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவளுக்கு நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதும் சொல்லாமல் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டேன் என்றுதான் எண்ணுகிறேன். அந்த வீட்டில் எவரேனும் முன்கூட்டி அறிந்திருந்தால் மூன்று உயிர்கள் அன்று தப்பியிருக்கும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அறிந்து, சினை இல்லை என்று விடை வந்திருந்தால்? அதே சந்தைக்குத்தான் அந்த ஆடு இன்னும் விரைவாகப் போயிருக்கும். பெரும் பண்ணைகளில் இச்சோதனை செய்வதன் காரணங்களுள் ஒன்று இதுவே: சினை பிடிக்காததைச் சீக்கிரம் கழித்துவிட்டால் தீனிச் செலவு மிச்சம். அங்கே அந்த இரண்டு மில்லி இரத்தம் தீர்ப்பெழுதும் மை. ஆகவே நான் எனக்கென்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். விடை எதுவாயினும் இந்த ஆடு என் கொட்டிலிலேயே முதுமை எய்தும் என்று முன்னரே உறுதி செய்துகொண்டவருக்கே அதன் கழுத்தில் ஊசி வைக்கும் தகுதி உண்டு. உறுதி செய்யாதவர் எவ்வளவு தேர்ந்த கையராயினும், எவ்வளவு மெல்லிய ஊசியாயினும், அவருக்கு அத்தகுதி இல்லை. இதை மிகக் கடுமை என்று சிலர் சொல்லலாம். கால்நடையால் பிழைக்கும் ஏழைக்கு இது பொருந்துமா என்று கேட்டால் என்னிடம் நல்ல விடை இல்லை. வீட்டுப் பாலுக்கென ஆடு வளர்க்கும் நம் போன்றாருக்குப் பொருந்தும்.

பழைய கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த செய்தி வரும். ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதியிருப்பார்கள். சாவதும் மூப்பதும் இல்லாத ஆடு எங்கே உண்டு? இறந்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கும். எண்ணிக்கை குறையாது என்பதே பொருள். அறச்செயலுக்கென்றே எழுதிய சொல்லாயினும், அதில் ஓர் ஆட்டின் சாவு கணக்கில் வரவில்லை என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கழுத்தில் வீக்கம் கண்டு நிற்பது மந்தையன்று, ஓர் ஆடு.

மனிதர் தம் கருவை அறியச் செய்ததையும் இங்கே நினைக்க வேண்டும். 1928இல் பெர்லினில் ஆஷைம், சோண்டெக் என்னும் மருத்துவர் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். பெண்ணின் சிறுநீரை இளம் சுண்டெலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றைக் கொன்று சூலகத்தைப் பார்ப்பார்கள். பின்பு முயல்களைப் பயன்படுத்தினர். அவற்றின் கதியும் அதுவே. ஒரு பெண் தாயாகப் போகிறாள் என்ற இனிய செய்திக்கு முன் சில உயிர்கள் மடிந்தன. தவளையைக் கொல்லாமலே அறியும் முறை 1930களில் வந்தது. 1960களில் விலங்கே வேண்டாத முறை வந்தது. ஆகவே துன்பம் குறைந்த வழியைத் தேடினால் கிடைக்கிறது. தேடும் வரைதான் அது இல்லாததுபோல் தோன்றுகிறது. ஆட்டுக்கும் அவ்வாறே. நான் சொன்ன அந்தப் புரதம் பாலிலும் சிறிதளவு வருகிறது. அதைக் கொண்டு பசுவுக்கும் ஆட்டுக்கும் சினை பார்க்கும் சோதனையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று செய்து விற்கிறது. நாள்தோறும் கறந்துகொண்டிருந்த ஆட்டின் கழுத்தை நாங்கள் மூன்று முறை குத்தினோம்! பால் வற்றிய ஆட்டுக்கும் முதல் ஈற்றுக்கு நிற்கும் இளம் ஆட்டுக்கும் அவ்வழி உதவாது என்பது உண்மை. அவற்றுக்கு ஸ்கேன் உண்டு.

இதற்கு நேர் எதிரானதும் உலகில் நடக்கிறது. சினைக் குதிரைகளின் இரத்தத்தில் ஒரு சுரப்பு உண்டு. அதைப் பிரித்தெடுத்து ஆடு, பன்றி முதலியவற்றை ஒரே காலத்தில் பருவத்துக்கு வரச் செய்யும் மருந்தாக விற்கின்றனர். அதற்காக ஐஸ்லாந்தில் ஒரு குதிரையிடமிருந்து ஒரு முறைக்கு ஐந்து லிட்டர் வரை, வாரந்தோறும் பல வாரங்கள் இரத்தம் எடுக்கிறார்கள். 2021இல் அதன் காட்சிகள் வெளிவந்து பலத்த கண்டனம் எழுந்தது. இரண்டு மில்லிக்கும் ஐந்து லிட்டருக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. அந்தக் குதிரையின் இரத்தம் அந்தக் குதிரைக்கு ஒன்றும் செய்வதில்லை.

எங்களுடையதும் முழுக்க ஆட்டுக்காகவா? காந்தியடிகளின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது. பயிற்சிக் காலத்தில் சின்னாளப்பட்டிக்கு அருகே உள்ள காந்திகிராமத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு மூத்த அம்மையார் சொல்லக் கேட்டது. 1912இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் பாலைத் துறந்தார். கல்கத்தாவில் கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமையும் அதற்கு ஒரு காரணம். 1919இல் கடும் நோயில் கிடந்தபோது மருத்துவர் பால் அருந்தச் சொன்னார். விரதம் பசுவின் பாலையும் எருமைப் பாலையும் குறித்ததே அல்லவா, ஆட்டுப்பால் அருந்தலாமே என்றார் கஸ்தூரிபாய் அம்மையார். அடிகள் அருந்தினார். ஆனால் விரதத்தின் சொல்லைக் காத்து உயிரை விட்டுவிட்டோம் என்ற வருத்தம் அவரை விடவில்லை. தம் சத்திய சோதனையில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆட்டுப்பால் அருந்துகின்ற நானும் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

எங்கள் ஆட்டின் முதல் ஈற்றில் ஒரு பெட்டையும் ஒரு கிடாயும் பிறந்தன. பெட்டைதான் இன்று எங்கள் கொட்டிலில் உள்ள இளைய ஆடு. அதற்கு முன்பிருந்த இரண்டாவது ஆட்டை உறவினர் வளர்ப்புக்குக் கேட்டு வாங்கிப் போனார். கிடாய்க் குட்டியை வளர்க்க இடம் இல்லை. தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தாம் விற்க மாட்டேன் என்று சொல்லி ஓட்டிச் சென்றார். அவரைப் பின்னர் பலமுறை கடைவீதியில் கண்டேன். நலம் விசாரித்தேன். குட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே உண்மை. ஆட்டின் கருப்பையில் என்ன இருக்கிறது என்பதை அறிய ஊசியெடுத்த வீட்டில், பிறந்த குட்டி எங்கே இருக்கிறது என்பதை அறிய ஒருவரும் ஒரு சொல் செலவிடவில்லை. இல்லறத்தார்க்கான அணுவிரதத்தில் கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என ஐந்து குற்றங்களை எண்ணிச் சொன்னார்கள். கால்நடை வளர்ப்போரின் வீட்டை நன்கு அறிந்தோர் எழுதிய பட்டியல் அது. அதில் கேட்காமலிருத்தல் என்ற ஒன்று இல்லை. கேளாமை மட்டுமே என் குற்றம் என்று அந்தப் பட்டியலைக் காட்டி வாதாட நான் துணியவில்லை.

பொய்ச்சினை கழிந்த ஆடு இப்போது மீண்டும் பருவத்துக்கு வருகிறது. கிடாய்க்கு விடலாம் என்கிறாள் மருமகள். பால் சுண்டிக்கொண்டே வருகிறது. அவள் சொல்வதும் எனக்காகத்தான். பிறப்பது கிடாயானால் அதை எங்கே கட்டுவது என்பதற்கு விடை சொல்லிவிட்டுப் பிறகு விடலாம் என்றேன். கொட்டிலைத் தெற்கே நீட்டினால் இடம் வரும், ஓடு போட எவ்வளவு ஆகும் என்று பேரன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். தோட்டக்காரரை நாளை மறுநாள் சந்தைக் கடையில் பார்ப்பேன், கேட்பதாக இருக்கிறேன்.

கழுத்து வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது. மழித்த இடத்தில் மயிரும் முளைத்துவிட்டது. ஆயினும் பேரன் கொட்டிலுக்குள் நுழைந்தால் ஆடு சுவரோரம் ஒதுங்குகிறது. அவன் தினமும் மாலையில் ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கையில் நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது தின்கிறது.